அத்தான் சொன்ன பறவை

ஏற்காடு ஏரியின் படகுத்துறைப் பலகை மேல் அந்தப் பறவை உட்கார்ந்திருந்தது.

எழுபத்தேழாம் வருஷத்து ஐப்பசி. விடிய விடிய அடித்த காற்று ஓய்ந்து, தூறல் மட்டும் மிச்சமிருந்தது. அப்படி ஒரு பறவையை மலையில் யாரும் கண்டதில்லை என்பதால் கரையில் கூட்டம் கூடிவிட்டது.

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஏசுராஜ், மனைவி மரியபுஷ்பத்தோடு முன்வரிசைக்குப் போனான். கல்யாணமாகி நாலு மாதம். வேளாங்கண்ணிக்குப் போன இடத்தில் பேசி முடித்த, கடற்கரைக் குப்பத்துப் பெண் அவள்.

ஆளுக்கொரு பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஏசுராஜ் தொண்டையைச் செருமினான். அது கடல்காக்கா, வேளாங்கண்ணியில் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்றான். ரைட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கூட்டம் ஒத்துக்கொண்டது.

மரியபுஷ்பம் அவன் சட்டைக் கையை இழுத்தாள். இது கடல்காக்கா இல்லை, ஆலா என்றாள். கடல்காக்காவுக்கு உடம்பு பருமன், வாத்து மாதிரி தண்ணீரில் மிதந்துகொண்டே இருக்கும். ஆலா ஒடிசல். அலகு ஊசி. வால் கத்தரிக்கோலை விரித்து வைத்த மாதிரி பிளந்திருக்கும், பாருங்கள்.

பின்னால் நின்ற எஸ்டேட் ஆள் பெருமாளுக்கு அது கேட்டுவிட்டது. "ரைட்டருங்க, ஊட்டுக்காரம்மா வேற சொல்றாங்களே" என்று சிரித்தான்.

அதைக்கூட ஏசுராஜ் பொறுத்துக்கொண்டிருப்பான்.

"அத்தான் சொல்லுவாருங்க" என்று அவள் தொடர்ந்தாள். கரையோரம் சுற்றுகிற ஆலாவுக்கு முதுகு சாம்பல் நிறம். முதுகு இப்படிக் கறுத்துக் கிடந்து, நெற்றியில் மட்டும் வெள்ளை இருந்தால், அது கரையே தெரியாத ஆழத்தில் பறக்கிற ஆலா.

அத்தான்.

நாலு மாதமாக அவன் வீட்டில் குடியிருக்கும் சொல். சந்தை மீனின் செவுளைப் பிரித்துப் பார்த்தால் அத்தான். மேற்கே மேகம் கறுத்தால் அத்தான். நிலாவைச் சுற்றி வட்டம் கட்டினால் அத்தான். பெயரை அவளும் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

மலையில் நடந்த கல்யாணத்துக்கு அந்த அத்தான் வரவில்லை. மாமனார் ஏதோ காரணம் சொன்னார். ஏசுராஜ் காதில் போட்டுக்கொள்ளாமல், பிற்பாடு தானே ஒரு காரணத்தை உண்டாக்கிக்கொண்டான். முறை மாப்பிள்ளையாக இருந்திருப்பான். கட்ட வேண்டியவன் கைக்கு எட்டாமல் போனவளை இன்னொருவன் மலையில் வைத்துத் தாலி கட்டுவதைப் பார்க்கச் சகியாமல் கடலிலேயே இருந்திருப்பான்.

சில நாள் சோற்றைப் பிசையும்போதே அவன் முன்னால் அந்த ஆள் வந்து நிற்பான். துடுப்பு வலித்து உரமேறிய தோள். வெயில் குடித்த உடம்பு. ஏசுராஜ் தன் விரலில் ஒட்டிய மைக்கறையைப் பார்த்துக்கொள்வான். பிறகு குழம்பில் குற்றம் கண்டுபிடிப்பான்.

இப்போது திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். கண்கள் நிறைந்து தளும்பின. இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவனை அவள் அப்படிப் பார்த்ததில்லை.

குனிந்து ஒரு கல்லை எடுத்தான். யாரும் தடுப்பதற்குள் வீசினான்.

கல் பலகையில் பட்டுத் தெறித்தது. பறவை எழவில்லை. நீண்டு ஒடுங்கிய சிறகுகளை ஒரே ஒரு முறை விரித்தது, பிறகு மடக்கிக்கொண்டது. பயப்படுவதற்குக்கூட அதற்குத் தெம்பில்லை.

இன்னொரு கல்லை எடுத்து ஓங்கியவனின் கையை மரியபுஷ்பம் பிடித்தாள்.

"ஏன், அவன் அனுப்புன தூதா?" என்றான், பல்லைக் கடித்தபடி, அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

யாரைச் சொல்கிறான் என்று அவளுக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளும் நிலையிலும் அவள் இல்லை.

"இது கரைக்கு வராத சாதிங்க. இதையே மலைக்குத் தூக்கியாந்து போட்டிருக்குன்னா, எங்க ஊருல எவ்வளவு பெரிய புயல் அடிச்சிருக்கும்? அத்தான் கடலுக்குப் போயிருப்பாரு. அக்காவுக்கு இது ஏழாம் மாசம். அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா, வயித்துப் புள்ளையோட அவ என்ன பண்ணுவா?"

ஏசுராஜ் அவளையே பார்த்தான்.

அவன் ஊரில் அக்காள் புருஷனை மாமா என்பார்கள். அத்தான் என்கிற சொல்லுக்கு அவனுக்குத் தெரிந்ததெல்லாம் முறை மாப்பிள்ளை என்ற ஒரே அர்த்தம்தான். கல்யாணத்துக்கு அந்த அக்காவும் வரவில்லை. மசக்கை வாந்தி, மலை ரோட்டு வளைவு தாங்காது, துணைக்கு ஆள் வேண்டும் என்று மாமனார் சொன்னது இப்போதுதான் அவன் காதில் விழுந்தது.

கையிலிருந்த கல் தானாக நழுவியது.

மலையில் கரண்ட் இல்லை. டிரான்சிஸ்டர் கரகரத்ததே தவிரப் பேசவில்லை. பாதையெங்கும் மரம் விழுந்து சேலம் பஸ்ஸும் வரவில்லை. கடற்கரை என்ன ஆயிற்று என்று மலையில் ஒருத்தருக்கும் தெரியாது. இவ்வளவு பேர் கூடி நின்றும், அந்தப் பறவை கொண்டுவந்த சேதியை வாசித்தவள் அவள் ஒருத்திதான்.

மரியபுஷ்பம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் இப்போது பறவையை விட்டு அவளைப் பார்த்தது.

ஏசுராஜ் அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான். தன் சால்வையை அவள் தலையில் போர்த்தினான். வீட்டுப் பக்கம் திரும்பியவளை, சேலத்துக்கு இறங்கும் ரோட்டின் பக்கம் திருப்பினான்.

"அடிவாரம் வரைக்கும் நடந்தரலாம் புள்ள, அங்கிருந்து பஸ் இருக்கும். எஞ் சகலையப் பாத்துப்போட்டு வரலாம், வா."