வீட்ல யாரும் இல்ல

அவர் பெட்டியைப் பிரித்து எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினார்.

கையில் எடுத்துக்கொண்டு நடக்கிற போன். அது உட்கார ஒரு மேடை. ஒரு அடாப்டர். சுவரிலிருந்து வரும் டெலிபோன் வயரைச் செருக ஒரு துளை.

மனைவி விசாலாட்சி பக்கத்தில் நின்று பார்த்தாள். வாங்கி வந்தவள் அவள்தான்.

திங்கட்கிழமை அவருக்கு ஆபரேஷன். தொண்டையில் வளர்ந்திருப்பதோடு குரல்வளையையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு பேச்சு வராது. விசாலாட்சி பனியன் கம்பெனிக்குப் போய்விட்டால் பகல் முழுக்க வீட்டில் அவர் மட்டும்.

“அடிச்சா நீங்க எடுக்க வேண்டாங்க. அதுவே எடுத்துப் பேசுமாம். அவங்க சொல்றதையும் பதிஞ்சு வெச்சுக்குமாம்.”

அவர் அடாப்டரைச் செருகினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

முதலில் ராத்திரி முழுக்க சார்ஜ் ஏற வேண்டும் என்று அதோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது.

ஏறியது.

காலையில் குரலைப் பதிய உட்கார்ந்தார்கள்.

மரக்கடையில் ரம்பம் ஓடுகிற சத்தத்துக்கு மேலே கத்தியே பிழைத்தவர். தெருமுனையில் பேசினால் வீட்டுக்குக் கேட்கும். இப்போது மிச்சமிருந்தது உமியைத் தேய்ப்பது போல ஒரு கரகரப்பு.

பட்டனை அழுத்தினார். என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் மெஷின் கீச்சென்று கத்திவிட்டு நின்றுபோனது.

“வெளில போயிருக்கோம்னு சொல்லுங்க.”

“நான் இங்கதானே இருப்பேன்.”

அவள் பட்டனைக் காட்டினாள்.

மறுபடி அழுத்தினார்.

“வணக்கம். வீட்ல யாரும் இல்ல. சொல்ல வேண்டியதச் சொல்லுங்க.”

போட்டுக் கேட்டார்கள். யாரோ ஒருவன் பேசுவது போலிருந்தது.

“நல்லாருக்குங்க” என்றாள். சமையலறைக்குள் போனாள். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் மூடவில்லை.

அவருக்கு அழுகை வரவில்லை. அட்டைப் பெட்டியை மடித்துப் பரணில் போட்டார்.

ஆபரேஷனுக்கு முன்னால் கடைசியாக என்ன பேசினோம் என்று பிறகு ஒருநாள் வார்டில் படுத்தபடி யோசித்துப் பார்த்தார். நர்ஸிடம் பேரையும் வயதையும் சொன்னதுதான்.

வீட்டுக்கு வந்தார்.

கழுத்தில் ஒரு ஓட்டை. அதன்மேல் வெள்ளைத் துணி. மூச்சு அந்த வழியாகப் போய்வந்தது. மூக்குக்கு வேலை இல்லை. எதிலும் வாசனை இல்லை. சூடான கஞ்சியை ஆற்ற ஊதப் போனார். காற்று கழுத்திலிருந்து வந்து துணியைத் தூக்கியது. அது தானாக ஆறும்வரை கரண்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விசாலாட்சி விடுப்பு முடிந்து வேலைக்குப் போன அன்று போன் அடித்தது.

கை நீண்டது. இழுத்துக்கொண்டார்.

மெஷின் எடுத்தது. வீட்ல யாரும் இல்ல என்றது.

நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். ஆமாம் என்று தோன்றியது. வேறெதுவும் தோன்றவில்லை.

மறுமுனையில் யாரோ ஒன்றும் பேசாமலே வைத்துவிட்டார்கள்.

மத்தியானம் மறுபடி அடித்தது. மெஷின் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தது.

“தம்பி! குரல் வந்துடுச்சாடா!”

மயிலாடுதுறையிலிருந்து அக்கா. முழங்கால் வலியில் வாசல்படி இறங்காதவள். சின்னக் கட்டிதான், எடுத்தாச்சு, கொஞ்ச நாளைக்குப் பேசக் கூடாது என்று மட்டும் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

“யாரும் இல்லேங்கறே? நீதானேடா பேசறே! நான் வேண்டாத சாமியில்லடா. தெளிவாத்தான் இருக்கு. கொஞ்சம் கம்முது. அது போயிடும்.”

மேடையிலிருந்து அவள் சிரிப்பு கூடம் முழுக்கக் கேட்டது.

“என்னடா, சத்தத்தையே காணும்?”

போனை எடுத்தார். பச்சைப் பட்டனை அழுத்தினார். ஏன் அழுத்தினார் என்று அவருக்கே தெரியவில்லை. கூடம் அடங்கியது. அக்கா இப்போது காதுக்குள் இருந்தாள்.

“தம்பி?”

வாயைத் திறந்தார். உதடுகள் அக்கா என்றன. அதில் காற்றுகூட இல்லை.

“லைன்ல இருக்கியா?”

போனைக் கழுத்துக்கு இறக்கினார். துணியை விலக்கினார். மூச்சு அதில் இரைந்தது. உள்ளே. வெளியே. உள்ளே.

மறுபடி காதில் வைத்தார். அக்கா வீட்டுத் தெருவில் யாரோ கீரை கூவிக்கொண்டு போனார்கள். அந்தக் குரல் தேய்ந்து மறையும்வரை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“மொதல்ல பேசுனது…” என்றாள் அக்கா. நிறுத்தினாள். “அது முன்னாடியே பேசி வெச்சதா?”

மூச்சு.

“இனிமே வராதா?”

போன் காதில் சூடாகியிருந்தது. அவர் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. முந்தானையால் துடைப்பது கேட்டது. அவளுடைய வளையல்கள் போனில் இடித்தன.

வைத்துவிடுவாள் என்று நினைத்தார்.

“சாப்ட்டியா?” என்றாள்.

தலையை ஆட்டினார்.

“என்ன குழம்பு?”