மூன்றாவது மவுத்பீஸ்

"இருக்கிறது ஒரே வாய். அதுக்கு எதுக்குய்யா மூணு மவுத்பீஸ்?"

இன்ஸ்பெக்டர் மேஜை மேல் கிடந்த பிளாஸ்டிக் உறையைப் பேனாவால் தட்டினார். உள்ளே மூன்று மவுத்பீஸ்கள். ட்ரம்பெட்டின் முனையில் செருகி, உதட்டை வைத்து ஊதுகிற பளபளப்பான குட்டிக் கிண்ணங்கள். மூன்றும் செத்துப்போன பேண்ட் மாஸ்டருடையவை. அவற்றில் ஒன்றில் விஷம் தடவியிருந்ததாக லேப் ரிப்போர்ட் வந்திருந்தது.

எதிரே கைகட்டி நின்றவன் அதே பேண்டில் இரண்டாவது ட்ரம்பெட் வாசிப்பவன். காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தான். வெளியே பெஞ்சில் அவன் மனைவி எட்டு மாத வயிற்றோடு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதைத்தான் சார் நானும் அவர்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன். ஒண்ணையே வெச்சு வாசிச்சாதான் உதடு அதுக்குப் பழகும். மாத்தி மாத்தி வெச்சா உதடு குழம்பிப்போகும். அவர் கேட்டாத்தானே? 'கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஒரே சட்டையாடா போட்டுக்கிட்டுப் போவே?'ன்னு என் வாயை அடைச்சிடுவாரு."

"சொல்லிக்கிட்டு மட்டுமா இருந்தே? போன மாசம் எல்லார் முன்னாடியும், 'இந்த மவுத்பீஸாலதான் ஒரு நாள் உங்க கதை முடியப்போகுது'ன்னு கத்தினியா, இல்லியா?"

"கோபத்துல சொன்னேன் சார். அவர் என்னை அவ்வளவு பேச்சுப் பேசினாரு."

"அவர் போயிட்டா முதல் ட்ரம்பெட் யாரு?"

"நான்தான் சார்."

"அப்புறம் என்ன?" என்று இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்தார்.

அவர் இந்த ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்து அன்று காலைதான் பொறுப்பேற்றிருந்தார். வந்ததும் வராததுமாக ஒரு கொலைக் கேஸ். இடுகாட்டில் வாசித்துக்கொண்டிருந்த பேண்ட் மாஸ்டர் சுருண்டு விழுந்து செத்தார் என்று ஃபைலின் முதல் பக்கம் சொன்னது. அதற்கு மேல் புரட்ட அவருக்குப் பொறுமையில்லை. பக்கத்தில் நின்ற ஏட்டு இரண்டு தடவை ஏதோ சொல்ல வாயைத் திறந்து, இரண்டு தடவையும் வாங்கிக் கட்டிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் ஒருத்தனை உள்ளே தள்ளியே தீருவது என்று இருந்தார் மனுஷர்.

"சரி, எது எதுக்குன்னு சொல்லு."

"சின்னது கல்யாணத்துக்கு சார். சத்தம் உச்சிக்குப் போகும். நடுவுல இருக்கிறது ஊர்வலத்துக்கு. பெருசு..."

"பெருசுலதான் விஷம்."

"அது சாவுக்கு வாசிக்கிறது சார். ஆழமான கிண்ணம். சத்தம் கனமா, அழற மாதிரி வரும். வேற எதுக்கும் அதைத் தொடவே மாட்டாரு."

"அது உனக்குத் தெரிஞ்சிருக்கு."

"பேண்டுல எல்லாருக்கும் தெரியும் சார்."

"எல்லாரும் அவரோட சண்டை போடலையே! செத்த அன்னிக்கு முன்னாடி அந்தப் பெருசை எப்போ வாசிச்சாரு?"

"ரெண்டு வருஷமாச்சு சார். எங்களுக்குக் கல்யாணமும் கடைத் திறப்பும்தான் பொழப்பு. சாவுக்கு யாரு கூப்பிடறாங்க?"

"இந்த மூணும் வெக்கிற பெட்டி எங்க இருக்கும்?"

"அவர் வீட்டு அலமாரியில. பூட்டியே இருக்கும். எங்க யாரையும் தொட விடமாட்டாரு. சாவி..." சட்டென்று நிறுத்தினான்.

"சாவி?"

"அண்ணிகிட்ட."

"எந்த அண்ணி?"

"மாஸ்டர் சம்சாரம் சார். அவங்கதான் மூணையும் துடைச்சு வைப்பாங்க. உடம்பு முடியாம படுத்தப்பகூட, கேட்டு வாங்கித் துடைச்சாங்க."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "புருஷன் பொண்டாட்டிக்குள்ள எப்படி?"

"அது வேண்டாம் சார். அவங்க கையால எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கேன்."

"ரொம்ப நல்லது. வெளியில உன் பொண்டாட்டி உட்கார்ந்திருக்கா. பொறக்கப்போற குழந்தையை ஜெயில் கம்பி வழியாத்தான் பார்ப்பேன்னா, உன் இஷ்டம்."

அதற்குப் பிறகு அவனால் தாங்க முடியவில்லை.

"அடிப்பாரு சார். வாசிக்கிறது அவரு, உதடு கிழிஞ்சு கிடக்கிறது அண்ணிக்கு. சுருதி சரியா நிக்கலைன்னா மவுத்பீஸை மாத்துவாரு. அதுலயும் நிக்கலைன்னா நேரா வீட்டுக்குப் போவாரு. அன்னிக்கு ராத்திரி அண்ணி கதி அதோகதிதான். இருபது வருஷம் சார்! நாங்க பத்துப் பேரு இருந்தோம். என்னையும் சேர்த்து ஒருத்தனுக்கும் ஏன்னு கேட்கத் துப்பில்லை."

முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். கேவலமாக இருந்தது அவனுக்கு.

"அடப்பாவி! இதைக் காலையிலேயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"அண்ணி பேருக்கு ஒரு களங்கம் வர்றதை நினைச்சா மனசு கேட்கலை சார்."

"நல்ல மனசுதான் போ!" இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "ஏட்டு, ஜீப்பை எடுக்கச் சொல்லுங்க. அந்தம்மா எங்கேயாவது ஓடி ஒளியறதுக்குள்ள போய்க் கூட்டிட்டு வந்தாகணும்."

ஏட்டு நகரவில்லை. ட்ரம்பெட்காரன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அவங்களை எங்கேயிருந்து சார் கூட்டிட்டு வருவீங்க? அன்னிக்கு நாங்க இடுகாட்டுல வாசிச்சதே அண்ணியோட சாவுக்குத்தான்."