ஹேண்டில் பையில் ஒரு குளம்

“பாப்பா, குளம் வந்துடுச்சா?”

பின்சீட்டிலிருந்து அப்பா கேட்பது இது நாலாவது தடவை. இரண்டு பேர் மிதிக்கும் நீளமான சைக்கிள். முன்னால் மகள். பின்னால், ஐந்து வயதில் வந்த காய்ச்சலில் பார்வை போன அப்பா. டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

முன்சீட்டு அம்மாவுடையது. கல்யாணமான புதிதில் இருவரும் ஒன்பது நாள் இதே வழியில் சைக்கிளில் போனார்கள். அம்மா போய் ஒரு வருடம் ஆகிறது. “இன்னொரு தடவை அந்த வழியில கூட்டிட்டுப் போறியா?” என்று அப்பா கேட்டபோது மகளால் தட்ட முடியவில்லை.

பரணிலிருந்து அம்மாவின் ஹேண்டில் பையை எடுத்து மாட்டும்போதே, அப்பா அதைத் தடவிப் பார்த்து உத்தரவு போட்டுவிட்டார்.

“கனமானதெல்லாம் பின்னாடி கட்டு. முன்னாடி பாரம் ஏறினா ஹேண்டில் உன் பேச்சைக் கேக்காது. இறங்காமலே கைக்கு எட்ட வேண்டியது மட்டும்தான் இதுல.”

பிஸ்கட், மழைக்கோட்டு, இருமல் மிட்டாய். பையின் மூடிமேல் வரைபடம் செருக ஒரு கண்ணாடித்தாள் உறை. அதில் அந்த ஒன்பது நாளில் அம்மா எழுதிய பயண நோட்டு, இன்றைய வழிக்கான பக்கம் தெரியும்படி. மழை நாட்களில் அம்மா அப்பாவுக்கு அதை வாசித்துக் காட்டுவாள், முப்பது வருடமாக.

‘மைல்கல் தாண்டியதும் இடப்பக்கம் பெரிய குளம்.’

மகள் இடப்பக்கம் பார்த்தாள். நீளமாக ஒரு கிடங்குச் சுவர். அதன் பின்னால் பாறை மேடு. தண்ணீர் நின்ற சுவடே இல்லை. பாவிகள், இப்படியா தூர்ப்பார்கள்!

நில அளவைத் துறையில் வேலை அவளுக்கு. அரை அடி தப்பினாலும் கையெழுத்துப் போடமாட்டாள். இப்போது கண்ணை நோட்டுக்குத் திருப்பினாள்.

“வந்துடுச்சுப்பா. கரை தளும்பத் தண்ணி.”

“சாஞ்ச மரம்?”

“இருக்கு. கிளை தண்ணிக்குள்ள துழாவிக்கிட்டு நிக்குது.”

“கொக்கு?”

“ரெண்டு.”

“ஒண்ணுதானே இருந்துச்சு?”

“கல்யாணம் ஆயிருக்கும்ப்பா.”

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அம்மா போன பிறகு வீட்டில் யாரும் கேட்டிராத சிரிப்பு. மகள் மிதிப்பதை நிறுத்தினாள். சைக்கிளை ஓரங்கட்டிக் காலை ஊன்றினாள்.

“ஏன்மா நின்னுட்டே?”

“அப்பா... நான் சொன்னதெல்லாம் பொய். குளத்தை மூடிட்டாங்க. கிடங்கு கட்டியிருக்காங்க. நோட்டைப் பார்த்துத்தான் படிச்சேன்.”

அவர் முகம் வாடிவிடும் என்று பயந்து திரும்பினாள். அப்பா எட்டி அவள் தோளைத் தட்டினார்.

“யாரும் மூடலம்மா, இங்க எந்தக் காலத்துலயும் குளம் இருந்ததே இல்ல. அன்னிக்கே டீக்கடைக்காரர் எங்கிட்ட சொல்லிட்டார். உங்கம்மாகிட்டதான் நான் கடைசிவரைக்கும் சொல்லல.”