வளைவில் நின்ற கார்

"அறிவிருக்கா உனக்கு? நடு ரோடு என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?"

கத்தியது நான்தான். எங்கள் தெரு பிளம்பர் வழக்கம்போலச் சிரித்தான்.

என் ஜெராக்ஸ் கடைக்கு எதிரே, சரியாக வளைவில், ஒரு வாரமாக அவனுடைய ஓட்டைக் கார் நிற்கிறது. பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு. வருகிறவன் போகிறவன் எல்லாம் அங்கே வந்து ஹாரனை அழுத்துகிறான். அழுத்தினால் கார் பயந்து எழுந்து ஓடிவிடும் என்று நினைப்பு. நாள் முழுக்கக் கேட்கிற என் காதுக்குத்தானே தெரியும்!

"கீழ பெரிய பள்ளம் இருக்குக்கா. அதான்..."

"பள்ளமா? நம்ம ரோட்டுல பள்ளம் இல்லாத இடம் ஒண்ணு இருந்தா காட்டு. வேலி போட்டுப் பாதுகாப்போம். கதை விடாதே!"

அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். யார் கேட்டது?

அன்றைக்கே புகார் எழுதினேன். சொந்தக் கடை, சொந்த மெஷின். பத்து காப்பி எடுத்து, தெருவில் முப்பது கையெழுத்து வாங்கி, ஒரு ஆபீஸ் விடாமல் கொடுத்தேன்.

ரோடு சரியில்லை என்று எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன், ஒருத்தரும் எட்டிப் பார்த்ததில்லை. கார் என்றதும் நாலாம் நாளே ஆட்கள் வந்துவிட்டார்கள்.

சாயங்காலம் ஐந்து மணி. நல்ல மழை. பிளம்பர் வேலைக்குப் போயிருந்தான். கொக்கி மாட்டிக் காரை இழுத்துக்கொண்டு போனார்கள். அது நின்ற இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது, அவ்வளவுதான். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

கால் மணி நேரத்தில் தெருவே வெள்ளம். எது ரோடு, எது சாக்கடை என்று தெரியவில்லை.

பார்சல் கொடுக்க வருகிற பெரியவர் சைக்கிளில் வந்தார். கார் நின்ற இடத்தில் "ஐயோ!" என்று ஒரு சத்தம். சைக்கிளைக் காணோம். அவர் தலை மட்டும் தெரிந்தது.

ஓடிப்போய்க் கையைக் கொடுத்து இழுத்துப் போட்டேன்.

"ஆள் உயரம் இருக்கும்மா" என்றார், பல் கிடுகிடுக்க. கடைக்குள் உட்கார வைத்தேன்.

அப்போதுதான் மணியைப் பார்த்தேன்.

என் பெண் ஆபீஸ் விட்டு ஸ்கூட்டரில் வருகிற நேரம். அவள் ஓட்டுகிற லட்சணம் எனக்குத் தெரியாதா? போனை ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொண்டு பேசியபடியேதான் வருவாள். பிரேக் என்பது அவளைப் பொறுத்தவரை அழகுக்கு வைத்தது.

போனை எடுத்தேன். விரல் நின்றுவிட்டது. கூப்பிட்டால் ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டே எடுப்பாள். கூப்பிடாவிட்டால் நேராக இதில் வந்து விழுவாள்.

கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப்.

மெயின் ரோட்டு முனைக்கு ஓடினேன். அங்கேயே அவளை மறித்துவிடலாம். இந்தப் பக்கம் வேறு யாராவது வந்து விழுந்தால்? சத்தியமாகச் சொல்கிறேன், அது எனக்குத் தோன்றவே இல்லை.

லைட் இல்லாமல் ஒருத்தன் வந்தான். ராங் சைடில் ஒருத்தன். ஒரு கையில் குடை பிடித்துக்கொண்டு ஒருத்தன். என் பெண்ணை மட்டும் காணோம். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். கடைப் பக்கம் ஹாரன் சத்தம் வேறு காதைப் பிளந்தது.

திடீரென்று உறைத்தது. சில நாள் அவள் பின் தெரு ஒன்வேயில் எதிர்த் திசையில் புகுந்து வருவாள். மூணு நிமிஷம் மிச்சமாம். அப்படி வந்தால் நேரே அந்த வளைவுதான்!

கடவுளே, கடவுளே என்று திரும்பி ஓடினேன்.

கடை வாசலில் ஸ்கூட்டர் நின்றது. பக்கத்தில் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு அவள். கட்டிப்பிடித்து ஓவென்று அழுதேன்.

"எதுக்கும்மா அழறே? அதை விடு, யாரும்மா அந்த லூசு? நடு ரோட்டுல நின்னுக்கிட்டுக் கையைக் கையை ஆட்டறான். எவ்வளவு ஹாரன் அடிச்சாலும் நகர மாட்டேங்கறான். நல்லாத் திட்டிட்டு வந்தேன். அங்க பாரு!"

பார்த்தேன். முழங்கால் தண்ணீரில் பிளம்பர். தோளில் சாமான் பை. கையில் நீளமாக ஒரு பைப், நுனியில் சிவப்புத் துணி. ஒதுங்கிப் போகிற ஒவ்வொரு வண்டியும் அவனைத் திட்டிவிட்டுப் போனது.

குடையை எடுத்துக்கொண்டு போய் அவன் தலைக்கு மேலே பிடித்தேன்.

"குச்சி நட்டேன்க்கா, ஒடிச்சிட்டாங்க. டிரம் வெச்சேன், எவனோ தூக்கிட்டுப் போயிட்டான். காரைத் தூக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"அது... வந்து..."

"யாரோ புகார் குடுத்துட்டாங்களாம்க்கா. அவங்களைச் சொல்லியும் குத்தமில்ல. கீழ பள்ளம் இருக்குன்னு உங்ககிட்ட சொன்ன மாதிரி அவங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, குடுத்திருக்கவே மாட்டாங்க."