திறந்து பார்த்தவன்

பிள்ளை பெற அரசு அனுமதி வேண்டுமென்றால், முதலில் ஒரு டாரண்டுலா சிலந்தியை வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்ட வேண்டும். ஒரு தம்பதிக்கு ஒரே வாய்ப்புதான்.

ஜெபராஜின் சிலந்தி ஒருவழியாக முட்டையிட்டு, அவற்றைச் சுற்றி நூலால் பை கட்டிக்கொண்டது. அதன்பிறகு அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பை பத்திரமாக இருக்கிறதா, மண் காய்ந்துவிட்டதா என்று கண்ணாடிப் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தான்.

“சும்மா விடுங்க, அது மிரண்டுரும்,” என்று மனைவி பெனிட்டா சொல்லிக்கொண்டேயிருந்தாள்.

இன்று காலை பையைக் காணவில்லை. மிரண்ட சிலந்தி தன் முட்டைகளைத் தானே தின்றிருந்தது.

பெனிட்டா அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். ஜெபராஜ் கதவைத் திறந்தான்.

“தண்ணி வேணுமா?”

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். மூடினான். மனம் கேட்காமல் மறுபடி திறந்தான்.

“காபி போடட்டுமா?”

“மூடிட்டுப் போங்க.”

போனான். திரும்பி வந்து கைப்பிடியைத் தொட்டான். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.