முதுகு காட்டிய படம்

கெல்சி கேமராவை உயர்த்தியதுதான் தாமதம், வெர்னா பாய்ந்து வந்து ஹேசலின் தோளைப் பற்றிச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டாள். நான்கு வயதுக் குழந்தை முனகக்கூட இல்லை. பழகிய பாடம் போலச் சுவரைப் பார்த்தபடி நின்றது.

“ஹேசல் வேண்டாம். மத்தவங்களை மட்டும் எடு.”

“ஏன் வெர்னா? இவ மட்டும் என்ன பாவம் பண்ணினா?”

“சொன்னா கேளு கெல்சி. இதுல கேள்வி கேட்காதே.”

டுலூத் நகரின் ஏரிக்கரையில் இருந்த அந்த மழலையர் பள்ளியை நடத்துபவள் வெர்னா. கெல்சி அங்கே ஆசிரியையாகச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பள்ளியின் இணையதளத்தைக் கவனிக்கும் வேலையும் அவள் தலையில்தான் விழுந்திருந்தது.

போன வாரம் தளத்தில் ஒரு படம் போட்டாள். தொப்பியும் பனிக்கோட்டுமாக, முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலோரம் நிற்கும் ஹேசல். கக்கத்தில் இடுக்கியிருந்த முயல் பொம்மையின் கால்கள் மட்டும் வெளியே தொங்கும்.

முகமே தெரியாத அந்தப் படத்துக்கு வெர்னா குதித்த குதி இருக்கிறதே, அப்பப்பா! மறுநிமிடமே அதை எடுக்க வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தாள். மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் இவ்வளவு பயம் எதற்கு?

இந்தக் குழந்தையை வெர்னா என்னதான் செய்கிறாள் என்று கெல்சி யோசித்தாள். குழந்தைக்கு ஏதோ கொடுமை நடக்கிறது என்று சந்தேகம் வந்தாலே ஆசிரியை புகார் கொடுத்தாக வேண்டும், மூடி மறைத்தால் அவளும் குற்றவாளி. வேலைக்குச் சேர்ந்த அன்றே பயிற்சியில் மண்டையில் ஏற்றிய சட்டம் அது.

இந்த நேரத்தில்தான் டெரிக் வந்தான். இணையதளங்களுக்கு எழுதிக் கொடுப்பவன், முதல் பக்கத்தை இலவசமாகவே எழுதித் தருகிறேன் என்று அவனாகவே மின்னஞ்சல் அனுப்பியிருந்தான். புதிதாகப் பிள்ளைகள் சேராமல் பள்ளி தள்ளாடிக்கொண்டிருந்ததால் வெர்னாவும் வரச் சொல்லியிருந்தாள்.

அவன் திரையைப் பார்த்துச் சிரித்தான். “‘பாதுகாப்பான சூழல், அன்பான ஆசிரியைகள்.’ இதை எழுதாத பள்ளி எதுங்க? பெத்தவங்க மனசுல ஓடுற கேள்விக்குப் பதில் இருக்கணும். பிள்ளைங்க எப்போ வெளிய விளையாடுவாங்க, சாயங்காலம் எந்த வாசல் வழியா அனுப்புவீங்க, யார் வந்து கேட்டா விடுவீங்க... அதை எழுதுங்க, தானா கூட்டம் வரும்.”

“அதெல்லாம் தளத்துல வராது. சேர்க்க வர்றவங்ககிட்ட நேர்ல சொல்லிக்குவேன்,” என்றாள் வெர்னா.

“சரி, முகமாவது போடுங்க. முகத்தைக் காட்டாத பள்ளியை யார் நம்புவா?”

நியாயமான பேச்சுதானே என்று கெல்சிக்குப் பட்டது. வெர்னாவோ அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “ஒரு போன் பண்ணணும், இங்கேயே இருங்க,” என்று சொல்லிவிட்டு அலுவலக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டெரிக் குரலைத் தாழ்த்தினான். “தப்பா நினைக்காதீங்க. இங்க ஏதோ சரியில்ல. போன வாரம் ஒரு படம் போட்டு உடனே தூக்கிட்டீங்களே, ஏன்?”

கெல்சிக்கு அப்பாடா என்றிருந்தது. “உங்களுக்கும் தோணிடுச்சா? எனக்குத்தான் பைத்தியம் பிடிச்சிருச்சோன்னு பயந்துட்டேன்!”

“அந்த ஒத்தைக் காது முயலைக் கட்டிக்கிட்டு, பாவம், தனியா நின்னுச்சே. பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்ல. இப்போ எங்க அவ?”

“மத்தியானம் அவ வயசுப் பிள்ளைங்க எல்லாம் முன்னாடி கூடத்துல தூங்குவாங்க. இவளை மட்டும் கைக்குழந்தைங்களோட பின்னறையில படுக்க வைப்பாங்க. தெருப்பக்கம் ஜன்னல்கூடக் கிடையாது. எங்க அட்டை இல்லாம கதவும் திறக்காது.”

“உடம்புல காயம் இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடுவோம். நீங்க ஒரு சாட்சி, நான் ஒரு சாட்சி. அப்புறம் அந்தம்மா எப்படித் தப்பிப்பாங்கன்னு பார்க்கலாம்.”

கெல்சி ஒரு கணம் தயங்கினாள். மாட்டிக்கொண்டால் வேலை போய்விடும். போனால் போகட்டும், ஒரு பிஞ்சின் உயிரைவிட வேலையா பெரிது என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு அவனைப் பின்னறைக்கு அழைத்துப் போனாள்.

அட்டையைக் கதவில் காட்டியதும் பச்சை விளக்கு எரிந்தது. அதே நேரம் நடைபாதையின் கோடியில் வெர்னா தெரிந்தாள். காதில் வைத்த போனில் யாருக்கோ பள்ளியின் முகவரியைச் சொல்லிக்கொண்டே, முகம் வெளுத்துப் போய் ஓடி வந்தாள்.

“கெல்சி! திறக்காதே! ஐயோ, அந்தக் கதவைத் திறக்காதே!”

திருடி அகப்பட்டுக்கொண்டாள் என்று நினைத்த கெல்சி, வேண்டுமென்றே கதவை அகலத் திறந்தாள். டெரிக் அவளை இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்தான்.

சத்தத்தில் ஹேசல் விழித்துக்கொண்டது. அவனைப் பார்த்ததும் அழவில்லை. முயலை முதுகுக்குப் பின்னால் ஒளித்து, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு மெல்லச் சொன்னது:

“அம்மா இங்க இல்லப்பா... அடிக்காதீங்கப்பா.”