கடலுக்குப் போகிற பேச்சு

சாயங்கால வெயில், ஜன்னல் கம்பிகளின் நிழலோடு, கூடத்துத் தரையில் விரித்த வரைபடத்தின் மேல் விழுந்து கிடக்கிறது. மின்விசிறிக் காற்றில் வரைபடம் பறந்துவிடாமல் ஒரு மூலையில் டம்ளரும் மறுமூலையில் சின்னவளின் செருப்பும் காவல் இருக்கின்றன. கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் வந்து, இரண்டு பெண் பிள்ளைகளுக்குப் புது அப்பாவான எலெக்ட்ரீஷியன், முட்டி போட்டு உட்கார்ந்து கடற்கரையோரமாக டெஸ்டரை நகர்த்திக் காட்டுகிறான். சின்னவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. குளியலறை வாளியைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். "இதையும் எடுத்துட்டுப் போலாம். கொஞ்சம் கடல் மொண்டுட்டு வரலாம்." பாத்திரம் கழுவும் சத்தத்தையும் மீறி அடுக்களையிலிருந்து அம்மாவின் சிரிப்பு வருகிறது. "அப்புறம் எதுல குளிப்பியாம்?" பெரியவள் மட்டும் சுவரில் சாய்ந்து புத்தகத்தில் முகத்தைப் புதைத்திருக்கிறாள். இன்றுவரை அவனிடம் அவள் தானாக ஒரு வார்த்தை பேசியதில்லை. வரவில்லை என்று அவள் சொல்லிவிட்டால் இந்தப் பயணமே இல்லை என்பது அவனுக்குத் தெரியும். அதனால் அந்தப் பக்கம் திரும்பாமலே பேசிக்கொண்டிருக்கிறான். காது மட்டும் அங்கேதான் இருக்கிறது. புத்தகம் மூடுகிற சத்தம் கேட்கிறது. "உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" டெஸ்டர் நடுக்கடலில் நின்றுவிடுகிறது. "தெரியும்மா." "எனக்குத் தெரியாது" என்கிறாள் பெரியவள், வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே. "ஆழமில்லாத இடமா பாருங்க. நீங்கதான் கத்துக் குடுக்கணும்." அவன் வேகவேகமாகத் தலையாட்டுகிறான், விட்டால் இப்போதே வண்டியைக் கிளப்பிவிடுவான் போலிருக்கிறது.